கம்பளத்தில் வைத்த காப்பிக் கோப்பை

போன மாதம் எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் குவைத்துக்கு வீட்டு டிரைவர் விசாவில் கிளம்பினார்கள். போவதற்கு முன் என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். இருபத்திரண்டு வருடம் அங்கே வண்டி ஓட்டியவன் என்பதால் கேட்பார்கள்தான். ரூமில் வைஃபை இருக்குமா, வெள்ளிக்கிழமை முழு லீவா, போனில் மேப் தமிழில் பேசுமா என்றெல்லாம் கேட்டார்கள். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அரபி வீட்ல காப்பி குடுத்தா எப்பிடி வாங்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்கப்பா."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "காப்பி குடிக்கிறதுக்குமா மாமா ட்ரெயினிங்?" என்று ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு நாளாக ஆறவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

என் பெயர் கருப்பையா. முதுகுளத்தூர்ப் பக்கம். லாரி கிளீனராக இருந்து டிரைவர் ஆனவன். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் லோடு அடித்துக்கொண்டிருந்தேன். குவைத் சண்டை முடிந்த மறுவருடம் ஏஜெண்டைப் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் மங்காஃபில் கம்பெனி கேம்ப். தண்ணீர் டேங்கர் ஓட்டினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வெயில், தண்ணீர், வெயில். பிறகு ஒருவர் தன் வீட்டு வேலைக்கு என் விசாவை மாற்றி எடுத்துக்கொண்டார். அவர்தான் என் கஃபீல், அதாவது என் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி. அபு ஃபஹத் என்று கூப்பிடுவோம். லீவு என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நல்ல மனிதர்.

முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "நீ எனக்கு ஓட்ட வேண்டாம், என் தங்கைக்கு ஓட்டு" என்றார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சின் காரணம் எனக்கு ஒரு வாரத்தில் விளங்கிவிட்டது.

தங்கையின் பெயர் முனீரா. கணவரை இழந்து அண்ணன் வீட்டின் பின்கட்டில் தனியாக இருந்தவர். வெளிநாட்டில் படித்து இரண்டு பட்டம் வாங்கியவர். அரபிப் பத்திரிகை ஒன்றில் வாரம் இரண்டு நாள் கட்டுரை எழுதுவார். எதைப் பற்றி எழுத ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்: பெண்களுக்கு ஓட்டு வேண்டும். அந்த ஊரில் தேர்தல் உண்டு, பேரவை உண்டு, ஆனால் ஓட்டு ஆண்களுக்கு மட்டும்தான். கத்தரிக்காய் விலையைப் பற்றி எழுதினாலும் நாலாவது பத்தியில் ஓட்டு வந்துவிடும்.

கருப்பையா என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு "ஐயா" என்றே கூப்பிட்டார். ஒரு குவைத்திப் பெண் தன் டிரைவரை வருடக்கணக்கில் ஐயா என்று கூப்பிட்ட கதையை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவர் பேசியது அரபியும் ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும் கலந்தது. நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுதும்போது அவர் பேச்சில் தானாகக் கொஞ்சம் தன்மை கூடிவிடுகிறது. நேரில் அவ்வளவு இருக்காது.

மேடத்துக்கு லைசென்ஸ் இருந்தது. நன்றாகவே ஓட்டுவார். அப்புறம் எதற்கு டிரைவர்? பின்சீட்டில் உட்கார்ந்தால்தான் அவருக்கு எழுத்து வரும். வீட்டில் மேசை இருந்தது, பத்திரிகை ஆபீசில் ஒரு அறையே இருந்தது. அங்கெல்லாம் வராதாம். மஞ்சள் தாள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "கடற்கரை ரோட்டில் போய்க்கொண்டே இரு" என்பார். ஏசி போடக்கூடாது, தாள் பறக்கும். கண்ணாடியை இறக்கக்கூடாது, அதற்கும் தாள் பறக்கும். ஆகஸ்ட் மாதம் குவைத்தில் ஏசி இல்லாத காருக்குள் இருந்திருக்கிறீர்களா? என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அவருக்கு வியர்க்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது கைவேகம் கூடும் என்பதால் இன்னொரு உத்தரவும் உண்டு: "ஐயா, பச்சையா இருக்கு பார், மெதுவாப் போ. சிவப்பு விழட்டும்." உலகத்தில் எந்த டிரைவரும் இப்படி ஒரு கொடுமையை அனுபவித்திருக்க மாட்டான். பின்னால் வருகிற வண்டிக்காரன் எல்லாம் ஹாரன் அடித்து என் வம்சத்தையே திட்டுவான்.

எழுதி முடித்தால் தாளை நான் ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே துணையாசிரியர் ஒருவர் சிவப்புப் பேனாவோடு இருப்பார். இரண்டு வரியை அடிப்பார். அடித்த தாளை நான் மேடத்திடம் கொண்டுவருவேன். மேடம் அடித்த வரிகளையே இன்னும் காரமாக எழுதிக் கொடுப்பார். நான் திரும்பப் போவேன். துணையாசிரியர் தலையில் கை வைத்துக்கொள்வார். ஒரே ஒரு வரிக்காக ஆபீஸ் இருந்த ஷுவைக்குக்கு மூன்று தடவை போய் வந்த நாள் உண்டு. "ஒரு சொல்லுதானே மேடம், விட்டுடுங்களேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஐயா, உன் காரில் ஒரு சக்கரம்தானே, அதைக் கழற்றிவிடலாமா?" என்றார்.

ஒரு வருடம் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் பலர் சேர்ந்து ஒரு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேடம் என்ன வேலையை நிறுத்துவது? எழுதுவதை நிறுத்தினார். காரில் இருந்தபடியே பேனாவை மூடினார், என்னையும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இடம் பார்க்க வேண்டாமா? ரவுண்டானாவுக்குப் பக்கத்தில். போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "வண்டி ரிப்பேரா?" என்று என்னைக் கேட்டார். பின்னாலிருந்து மேடம், "வண்டி நன்றாக இருக்கிறது. நாடுதான் ரிப்பேர்" என்றார். அந்தப் போலீஸ்காரர் நல்லவராக இருந்ததால் நான் இன்று ஊரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இதெல்லாம் சில்லறைத் தொந்தரவு. பெரிய தொந்தரவு திவானியா.

திவானியா என்பது அங்கே வசதியான வீடுகளில் ஆண்கள் கூடுவதற்கென்று இருக்கும் நீண்ட கூடம். சுற்றிலும் மெத்தை, நடுவில் கம்பளம், ஒரு மூலையில் காப்பிக் கூஜா. மாலைத் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். யார் யாருக்கு ஓட்டுப் போடுவது, பேரவையில் எவர் எதை ஆதரிப்பது எல்லாம் அங்கேதான் முடிவாகும். பெண்கள் அதற்குள் போகும் வழக்கமில்லை. நாட்டு அரசியல் முழுக்க ஓர் அறைக்குள் நடக்கிறது, அரசியல் எழுதுகிறவர் வாசலோடு நிற்க வேண்டும். மேடத்தின் எரிச்சலில் பாதி இதனால் வந்தது. அந்த எரிச்சலை இறக்கி வைக்க அவருக்குக் கிடைத்த இடம் நான்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கேள்வியை எழுதி உறையில் போட்டு என்னிடம் கொடுப்பார். நான் உள்ளே போய் வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். டிரைவர் தகவல் கொண்டுவருவது அங்கே சாதாரணம், யாரும் தடுக்க மாட்டார்கள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். சலாம் சொல்ல வேண்டும். எதையும் வலது கையால்தான் கொடுக்க வேண்டும், வலது கையால்தான் வாங்க வேண்டும். இடது கையை மறந்துவிட வேண்டும். உறையைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்று, அதைப் படிக்கும்போது யார் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். "பேச்சு எனக்கு வேண்டாம். பேச்சை அவர்கள் பத்திரிகைக்கும் சொல்வார்கள். எனக்கு முகம் வேண்டும். யார் சிரித்தான், யார் தரையைப் பார்த்தான், யார் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தான், அதைச் சொல்." நான் வெளியே வந்து முகங்களை ஒப்பிப்பேன். காருக்குள் உட்கார்ந்து மேடம் குறித்துக்கொள்வார். நான் பார்த்த முகங்கள் மறுநாள் பத்திரிகையில் கட்டுரையாக வரும். சும்மா சொல்லக்கூடாது, நான் அதில் தேறிவிட்டேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடக் கோடையில் மன்னரின் ஆணை வந்தது: இனிமேல் பெண்களுக்கும் ஓட்டு உண்டு. வீட்டில் மேடமும் அவருடைய எழுத்தாளர் தோழிகளும் போட்ட சத்தத்தில் அபு ஃபஹத் பள்ளிவாசலுக்கே போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது. அடுத்து வரும் பேரவை அந்த ஆணையை ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். அந்தப் பேரவையைத் தேர்ந்தெடுப்பது ஆண்கள். தேர்தலும் நடந்தது. மேடம் உறுப்பினர்கள் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஆம், இல்லை, தெரியாது என்று மூன்றாகப் பிரித்து, என் சீட்டின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டினார். வாரத்துக்கு வாரம் அடித்து எழுதுவார். ஆம் பக்கமும் இல்லை பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. தெரியாது என்ற கட்டத்தில் சிலர் நகராமல் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் வயதான, பெரிய குலத்தைச் சேர்ந்த உறுப்பினர். அபு ஃபஹத்துக்கு வேண்டியவர். சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று பேர் எடுத்தவர். அவரை இங்கே பெரியவர் என்றே சொல்கிறேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் மேடம் என்னைப் பெரியவரின் திவானியாவுக்கு அனுப்பினார். கேள்வி ஒரே வரிதான்: "ஆம் என்பீர்களா, இல்லை என்பீர்களா?" மேடம் காரில் இருந்தார். உறையை நான் வலது கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே அபு ஃபஹத்தும் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கியது. தங்கையின் வேலை என்று தெரிந்துவிட்டது.

வழக்கமாகக் கதவோரம் நிற்கிற எனக்கு யாரும் காப்பி தந்ததில்லை. பெரியவர் பழைய காலத்து மனிதர். "உட்கார்" என்று கையைக் காட்டினார். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் காப்பிக்காரர் சின்னக் கோப்பையை நீட்டிவிட்டார். என் வலது கையில் உறை. இடது கையால் கோப்பையை வாங்கக் கூடாது. உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது கையால் கோப்பையை வாங்கினேன். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் உறைக்காகக் கையை நீட்டினார். இப்போது வலது கையில் கோப்பை. இடது கையால் உறையைக் கொடுக்கக் கூடாது. ஒழுக்கமான ஆள் என்ன செய்வான்? காப்பி நிரம்பிய கோப்பையை எனக்கு முன்னால் கம்பளத்தின் மேல் வைத்துவிட்டு, வலது கையால் உறையைக் கொடுத்தேன்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். மணிமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒருவரின் விரல் நின்றது. எல்லாருடைய பார்வையும் அந்தக் கோப்பை மேல் இருந்தது. நான் கம்பளத்தில் சிந்திவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பெரியவர் உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர், அந்தக் காலத்தில் கப்பலில் பம்பாய் வந்துபோன வியாபாரி, பம்பாய் இந்தியில் எடுத்துச் சொன்னார்: விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர் அதை நிறைவேற்றுகிறேன் என்று சொன்ன பிறகுதான் குடிப்பான். முடியாது என்று சொல்லி அவனை வெறும் வாயோடு அனுப்பினால் வீட்டுக்காரருக்கு அவமானம். "பேட்டா, உனக்கு என்ன வேணும்? கேளு."

வேண்டுதல் எல்லாம் ஒன்றுமில்லை, கை காலியில்லாமல் வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல இந்தி வந்திருக்கும். உறையில் இருப்பதுதான் என் வேண்டுதல், அதற்கு ஆம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். பெரியவர் கேட்கிறார், இத்தனை பேர் சாட்சி, சொன்ன சொல்லை மாற்றாதவர். மேடம் வருடக்கணக்கில் வெயிலில் வெந்து எழுதிய அத்தனையும் அந்த விநாடியில் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் எதிரே அபு ஃபஹத் இருந்தார். நான்கு வருடமாக நான் லீவு கேட்கும்போதெல்லாம் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லித் தட்டிவிட்ட அதே முகம். ஊரில் பாக்கியம், என் மனைவி. நான் கடைசியாகப் பார்த்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த மகள்.

"லீவு வேணும்" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. கேலியாக இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார்கள். பெரியவர் அபு ஃபஹத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவன் உன் ஆளா? கொடு." அபு ஃபஹத் மார்பில் கையை வைத்து, "கொடுத்தாச்சு" என்றார். "குடி" என்றார் பெரியவர். குடித்தேன். கசந்தது. அதற்குப் பிறகு பெரியவர் உறையைப் பிரித்தார், படித்தார், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

காருக்கு வந்தேன். "முகம்?" என்றார் மேடம். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மறைக்க எனக்குத் தெரியாது. மேடம் பேனாவை மூடிவைத்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"கோப்பையைக் கீழே வைத்தாய்."

"ஆமா மேடம்."

"அவரே உன்னைக் கேட்டார்."

"ஆமா மேடம்."

"நீ லீவு கேட்டாய்."

மேடம் அந்த மஞ்சள் அட்டையால் முன்சீட்டின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். ஒட்டியிருந்த பட்டியல் கிழிந்து தொங்கியது. "என்னை அந்த அறைக்குள் விடமாட்டார்கள்! உன்னை விட்டார்கள்! உன்னைக் கேட்டார்கள்!" வீடு வரைக்கும் அவ்வளவுதான். மூன்று நாள் என்னை எங்கும் ஓட்டச் சொல்லவில்லை. தானே ஓட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மங்காஃப் போனேன். கீழக்கரைக் காதர் பாய் அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார், முப்பது வருடமாக அந்த ஊரில் இருப்பவர். ஆறுதல் சொல்வார் என்று நினைத்துச் சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அட மடப்பயலே! அந்தக் கோப்பைய வச்சு கொலைக்கு மன்னிப்பு வாங்குன கதையெல்லாம் இங்க சொல்லுவாங்க. நீ லீவ வாங்கிட்டு வந்துருக்கியே!" என்றார். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். நான் சோப்புகூட வாங்காமல் திரும்பிவிட்டேன்.

லீவில் ஊருக்குப் போனேன். அங்கேயும் தேர்தல் நேரம். வீட்டில் இல்லாவிட்டாலும் குடும்பத் தலைவனாக இருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் எந்தச் சின்னத்தில் குத்த வேண்டும் என்று பாக்கியத்துக்குக் கடிதத்தில் எழுதிவிடுவேன். இந்தத் தடவை நேரிலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. பட்டியலைப் பார்த்த வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். "ஒங்க பேரு இல்லைங்களே. வெளியூர் போய்ட்டாருன்னு எடுத்துட்டாங்க." நான் சத்தம் போட்டேன், பலனில்லை. பாக்கியம் பெண்கள் வரிசையில் உள்ளே போனாள். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். காருக்குள் உட்கார்ந்திருக்கிற மேடத்தின் ஞாபகம் வந்தது. வேண்டாத நேரத்தில்தான் வரும்.

பாக்கியம் விரலில் மையோடு வந்தாள்.

"நான் சொன்ன சின்னந்தானே?"

"அதச் சொல்லக்கூடாதுங்க. உள்ள எழுதிப் போட்ருக்காக."

"ஏய், எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"ஒங்ககிட்ட மட்டும் சொல்லலாம்னு தனியா எழுதலையே."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்ப இத்தன நாளு நான் லெட்டர்ல எழுதுனது?"

"படிப்பேனே. ஒரு வரி விடாமப் படிப்பேன்" என்றாள். "படிக்கிறது வேற, குத்துறது வேற. வாங்க, பிள்ளைக்குப் பசிக்கும்."

லீவு முழுக்கக் கேட்டேன். கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். சொல்லவில்லை. விரலில் மை தேய்ந்துகொண்டே வந்தது, அவள் வாய் மட்டும் திறக்கவில்லை. நான்கு வருடம் கழித்துக் கிடைத்த லீவு இப்படிப் போயிற்று.

குவைத் திரும்பிய முதல் நாள், மேடம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் காரில் ஏறினார். மரியாதைக்கு, "மனைவி நலமா?" என்றார். எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேடம், "வண்டியை நிறுத்து" என்றார். இந்த முறை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பாக்கியம் எத்தனை வகுப்புப் படித்தவள், உள்ளே தனியாகவா போவார்கள், அந்த மறைப்புத் தட்டி எவ்வளவு உயரம், அந்த மை எத்தனை நாள் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "கடைசிவரை சொல்லவே இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் மஞ்சள் தாளை எடுத்தார்.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. எனக்கு வரிவரியாகச் சொன்னார். "என் டிரைவரின் மனைவி வாழும் கிராமத்தில் வீட்டுக்குக் குழாய் இல்லை. எனக்கு இரண்டு பட்டம் இருக்கிறது. ஆனால் கணவனிடமோ அண்ணனிடமோ சொல்லாமல் வைத்துக்கொள்ள அவளிடம் ஒன்று இருக்கிறது, என்னிடம் இல்லை." துணையாசிரியர் ஒரு வரிகூட அடிக்கவில்லை. என் வீட்டு விஷயம் ஊர் முழுக்க நாறிவிட்டது. மற்ற டிரைவர்கள் என்னைக் கண்டால், "என்ன கருப்பையா, சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்கள். காதர் பாய் கட்டுரையை வெட்டிக் கடையில் ஒட்டி வைத்தார்.

நவம்பரில் பேரவை அந்த ஆணையைத் தள்ளிவிட்டது; அதையே சில உறுப்பினர்கள் மசோதாவாகக் கொண்டுவர, மாதக் கடைசியில் அது ஓட்டுக்கு வந்தது. மேடமும் பத்திரிகைத் தோழிகளும் பார்வையாளர் மாடத்துக்குப் போனார்கள். டிரைவர்கள் வெளியே வண்டிகளோடு நின்றோம். ஓர் எகிப்து டிரைவர் ரேடியோ வைத்திருந்தார். உறுப்பினர் பெயரைக் கூப்பிடக் கூப்பிட, நாங்கள் வண்டியின் பானெட்டில் தீக்குச்சிகளை இரண்டு வரிசையாக அடுக்கினோம். பெரியவர் பெயர் வந்தது. "இல்லை." என் கையாலேயே அந்தக் குச்சியை வைத்தேன். முடிவில் இல்லை பக்கம் இரண்டு குச்சி கூடுதல். இரண்டே இரண்டு.

நான் உடனே கணக்குப் போட்டேன். பெரியவர் ஒருவர் மாறியிருந்தால் சரிசமம் ஆகியிருக்கும், சரிசமம் ஆனாலும் தோற்றிருக்கும் என்று எகிப்துக்காரர் சொன்னார். அவர் மாறினால் அவரைப் பார்த்து இன்னொருவரும் மாறியிருக்க மாட்டாரா என்று ஒரு மலையாளி கேட்டார். இரண்டு பேரும் பேசாமல் இருந்திருக்கலாம்.

மேடம் வந்து ஏறினார். மஞ்சள் அட்டையைத் தொடவில்லை. நான் வண்டியை எடுக்காமல் சொன்னேன்: "மேடம், அன்னைக்கு நான் லீவு கேக்காம இருந்திருந்தா…"

"ஐயா," என்றார். "நான்கு வருடம் லீவு தராத வீட்டில் நீ லீவு கேட்டது தப்பில்லை. ஒரு டிரைவர் காப்பியைக் கீழே வைத்து எங்களுக்கு ஓட்டு வாங்கித் தர வேண்டிய நிலைமைதான் தப்பு." கதவை இழுத்துச் சாத்தினார். "ஆனாலும் உன் மேல் எனக்குக் கோபம் போகாது. ஓட்டு."

ஏசியைப் போட்டேன். பறக்கத் தாள் எதுவும் மடியில் இல்லை. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அன்று எனக்கு அந்தக் குளிர் பிடிக்கவே இல்லை.

மறுவாரம் ஏசி நின்றது, மஞ்சள் தாள் திரும்பி வந்தது. அடுத்த ஆறேழு வருடம் அதே கடற்கரை ரோடு, அதே சிவப்பு விளக்கு, ஷுவைக்குக்கு அதே மூன்று நடை. கோபம் போகாது என்றவர் சொன்னபடியே இருந்தார். எந்தத் திவானியா வாசலில் இறங்கினாலும், "காப்பி தந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுத்தான் உறையைக் கொடுப்பார். அபு ஃபஹத் மட்டும் அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேட்காமலே லீவு கொடுத்தார். நான் மறுபடி எங்கேயாவது கோப்பையைக் கீழே வைத்துவிடுவேனோ என்ற பயம்.

கடைசியில் பேரவை ஒருநாள் ஒத்துக்கொண்டது. பெண்கள் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தல் அன்று, மேடத்தை ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டேன். நீண்ட வரிசை, நல்ல வெயில். அவருக்கு நரை வந்திருந்தது, முழங்கால் வலி இருந்தது. நிழலுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டவர்களுக்குக் கையை ஆட்டிவிட்டு வரிசையிலேயே நின்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பின்சீட்டில் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டு கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடியில் பார்த்தேன். முகம் பார்ப்பது என் தொழில் அல்லவா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"யாருக்குப் போட்டீங்க மேடம்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "பாக்கியத்தைக் கேள்" என்றார்.

அன்று மாலை ஊருக்குப் போன் போட்டு, மேடம் ஓட்டுப் போட்டுவிட்டார் என்று சொன்னேன். பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டாள். வரிசை எவ்வளவு நீளம், தட்டி இருந்ததா, மை வைத்தார்களா. கடைசியாக, "யாருக்குப் போட்டாகளாம்?" என்றாள்.

"சொல்லமாட்டேங்குறாக" என்றேன்.

"அப்பச் சரியாத்தான் போட்ருக்காக" என்றாள் பாக்கியம்.